அறுபத்தெட்டாம் கம்பி

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைக் காது அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் அவள் தொழில்நுட்ப உதவியாளர், இரண்டாம் நிலை. இரண்டாம் நிலையில் சேர்ந்து, முப்பது வருடமாக இரண்டாம் நிலையிலேயே இருந்தாள். முதல் நிலைக்குப் போகப் பட்டம் வேண்டுமாம். காதுக்குப் பட்டம் கொடுக்கிற கல்லூரியை இன்னும் யாரும் திறக்கவில்லை.

அவள் வந்தது என்னவோ தட்டச்சு வேலைக்கு. ஒருநாள் கையெழுத்து வாங்கப் பதிவறைக்குள் நுழைந்தவள், ஒலிபெருக்கியில் பொரிந்துகொண்டிருந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, "சார், நேத்து கேட்டது இது இல்லையே, இது வேற" என்றாள். அங்கிருந்த பெரிய படிப்புக்காரர்கள் மூன்று பேரும் சிரித்தார்கள். அப்புறம் சந்தேகம் தட்டி, முந்தின நாள் பதிவை எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். சிரித்த வாய் அப்படியே நின்றது. அடுத்த வாரம் தட்டச்சு மேசைக்கு வேறு ஒருத்தி வந்துவிட்டாள்.

வேலை இதுதான். குரங்கின் மூளையில் கையை அசைக்கிற பகுதி ஒன்று உண்டு. அங்கே தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் நூறு இறக்கியிருப்பார்கள். ஒவ்வொரு கம்பியின் நுனியும் தனக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு செல்லின் துடிப்பைக் கேட்கும். செல் துடிக்கும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் டப் என்று ஒரு சத்தம். நம் காதுக்கு எல்லாம் ஒரே டப்தான். அவளுக்கு அப்படி இல்லை. ஒன்று விரல் கணுவால் கதவைத் தட்டுவது போலிருக்கும், ஒன்று ஈர மணலில் கல் விழுவது போலிருக்கும்.

தினமும் காலையில் கம்பி கம்பியாகக் கேட்டு, நேற்றிருந்த அதே செல்தானா என்று அவள் சொல்ல வேண்டும். கம்பி ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும், பழைய செல் கேட்காமல் போய்ப் பக்கத்துச் செல் கேட்கத் தொடங்கிவிடும். அதற்கென்று நீளமாக ஒரு நோட்டு. ஒவ்வொரு கம்பிக்கும் மேலிருந்து கீழே ஒரு வரிசை. அதே செல் என்றால் ஒரு டிக். இல்லையென்றால் வரிசையின் அடியில் சிவப்புக் கோடு, தேதி, அவள் கையெழுத்து. அதோடு அந்த வரிசை மூடியாயிற்று. அதே செல்தானா என்பதற்குக் கணினியும் தன் பங்குக்கு ஓர் எண் சொல்லும். கணினிக்கும் காதுக்கும் ஒத்துப்போகாத இடத்தில் காது சொன்னதுதான் நோட்டில் ஏறும். அந்தக் கூடத்தின் வழக்கம் அது, நல்ல வழக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இந்தக் கதை நடந்த வருடம் கம்பி போட்டிருந்தது ஏழாம் எண் குரங்குக்கு. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது அவள்தான். ஜூஸ் கொஞ்சம் சூடாக இருந்தால் முறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடும். நாலு பேர் தாங்கினால்தான் வேலையில் கை வைக்கும். திரையில் ஒரு வட்டம் தோன்றும். கைப்பிடியை நகர்த்தி ஒரு புள்ளியை அந்த வட்டத்துக்குள் கொண்டுபோனால் ஜூஸ். அதில் கை தேர்ந்ததும் விதியை மாற்றிவிட்டார்கள். நேராகத் தள்ளினால் புள்ளி கோணலாகப் போகும். மாப்பிள்ளை பழசை மறந்து புதிதாகப் பழக வேண்டும். பழகும்போது அந்தச் செல்கள் தங்களுக்குள் என்ன செய்துகொள்கின்றன என்பதுதான் ஆராய்ச்சி.

இதை வீட்டில் அவள் புருஷன் அவளைவிட எளிதாகப் புரிந்துகொண்டார். அவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். "இதுல என்ன இருக்கு? புதுசா வர்றவனுக்குக் கை ஒரு ஊருக்குப் போகும், கால் ஒரு ஊருக்குப் போகும். கிளட்ச்சு என்ன பண்ணுதுன்னு ஆக்சிலேட்டருக்குத் தெரியாது. ஓட்டி ஓட்டி ஒண்ணை ஒண்ணு கேக்க ஆரம்பிக்கும். உன் குரங்குக்கும் அதேதான்" என்றார். விஷயம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தனியாக எந்தச் செல்லுக்கும் ஓர் இழவும் தெரியாது. ஆரம்பத்தில் அததுவும் தன் பாட்டுக்குத் துடிக்கும். பழகப் பழகச் சில செல்கள் கை அசைவதற்குச் சற்று முன்னால் ஒன்றாகத் துடிக்கத் தொடங்கும். கற்றுக்கொண்டது எந்தச் செல்லுக்குள்ளும் இல்லை, அவற்றின் ஒற்றுமையில் இருக்கிறது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனாலோ என்னவோ, தினமும் வீட்டுக்குள் காலடி வைத்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "மாப்பிள்ளை இன்னைக்கு எப்படி?" என்பதாக இருந்தது. தன்னிடம் படிக்கிறவர்களைப் பற்றி அவர் புலம்புவார், மாப்பிள்ளையைப் பற்றி அவள் புலம்புவாள். இருவருக்கும் வாரக்கணக்கில் அதுவே பேச்சு. பயிற்சி வண்டியில் அவர் பக்கத்துக்கும் தனியாக ஒரு பிரேக் உண்டு. இருபத்தெட்டு வருடம் அதை மிதித்த பழக்கத்தில், வீட்டில் அவள் வேகமாகக் காய் நறுக்கினால்கூட அவர் வலது கால் தரையை அழுத்தும். "இங்க எதுக்கு பிரேக்கு? நான் என்ன லாரியா ஓட்டறேன்?" என்று அவள் கத்துவாள். அவளுக்கும் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்க மூன்று தடவை முயன்று, மூன்றாவது தடவை ஒரு கம்பத்தை மிக நெருக்கத்தில் பார்த்த பிறகு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

விதியை மாற்றிய பதினோராவது நாள். காலை பத்தரை மணி வாக்கில், பதிவு ஓடிக்கொண்டிருந்தபோது, அவளுக்கு போன் வந்தது. அவள் புருஷன் பயிற்சி வண்டியிலேயே போய்விட்டார். ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர், நான்காம் நாள் வகுப்பு. நெஞ்சைப் பிடித்துக்கொண்ட இவர், தன் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தாராம். பல் டாக்டருக்கு ஒரு கீறல் இல்லை. அந்த மனிதர் துக்கத்துக்கு வந்து வாசலிலேயே நின்று அழுதார்.

போன் வந்தபோது பதிவறையில் அவளோடு இருந்தது ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி மட்டும்தான். முப்பத்தைந்து வயது, இந்த ஆராய்ச்சி முழுக்க அவளுடையது. கை ஓடவில்லை கால் ஓடவில்லை அவளுக்கு. அக்காவைத் தாங்கிப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் வண்டியில் ஏற்றினாள். பிறகு திரும்பி ஓடி வந்து, மாப்பிள்ளையின் தலையில் மாட்டியிருந்த வயரைப் பிடுங்கி எடுத்து, அதைக் கூண்டில் விட்டுவிட்டு, தானும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழக்கமாகப் பூப்போலக் கழற்ற வேண்டிய வயர் அது. அன்றைக்கு யாருக்கு அந்த நிதானம் இருந்தது?

மறுநாளும் பதிவு நடந்தது. ஒருநாள் விட்டாலும் மாப்பிள்ளை கற்றுக்கொள்வதில் இடைவெளி விழுந்துவிடும். ஆனால் அக்கா விடுப்பில் இருந்த பதினோரு நாளும் நோட்டில் எவரும் கை வைக்கவில்லை. "அக்கா வந்து கேட்டு எழுதட்டும்" என்று மரியாதையாகக் காலியாக விட்டிருந்தார்கள். அந்த மரியாதை மட்டும் இல்லாமலிருந்தால் இந்தக் கதையே இல்லை.

திரும்பி வந்த அன்று அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பன்னிரண்டாம் நாள் பதிவைப் போட்டாள். ஒன்று முதல் அறுபத்தேழு வரை ஒன்றிரண்டு தவிர எல்லாம் அதே. அறுபத்தெட்டாம் கம்பி வந்தது. பத்து நொடிகூட ஆகவில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது. பழைய செல்லின் சத்தம் மென்மையானது, கடைசியில் இழுத்தாற்போல முடியும். இதுவும் அந்த ஜாடைதான். ஆனால் அது இல்லை, வேறு.

சிவப்புப் பேனாவை எடுத்தாள். அந்தப் பதினோரு நாளில் அவள் எத்தனை இடத்தில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஆஸ்பத்திரியில், வங்கியில், லைசென்ஸ் ஆபீசில், எங்கே போனாலும் ஒரு தாளை நீட்டி, தேதி போடுங்க, இங்க கையெழுத்து என்றார்கள். ஒவ்வொரு தாளிலும் அந்த மனுஷனை இன்னும் கொஞ்சம் மூடினார்கள். பேனா நுனி நோட்டைத் தொட்டது. அதற்கு மேல் நகர மாட்டேன் என்றது. அவள் அந்தப் பேனாவை வைத்துவிட்டு நீலப் பேனாவை எடுத்து ஒரு டிக் போட்டாள். முப்பது வருடத்தில் அவள் போட்ட பொய் டிக் அது ஒன்றுதான். அதற்கடுத்த நாள்களில் போட்டதெல்லாம் உண்மை, ஏனென்றால் அந்தப் புதுச் செல் தினமும் அதே செல்லாகத்தான் இருந்தது.

செய்தது தப்பு என்று தெரியாமல் செய்யவில்லை. நூறில் ஒன்றுதானே, யாருக்கு என்ன குடி முழுகப் போகிறது என்று நினைத்தாள். நாலு நாள் உறுத்தியது, அப்புறம் அதைவிடப் பெரிய உறுத்தல்கள் வந்து அதை மூடிவிட்டன. வெறும் வீட்டுக்குத் திரும்பிப் போய்க் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை எப்படி என்று கேட்க அங்கே ஆளில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் ஆராய்ச்சிக்காரி முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தாள். கையில் அச்சான கட்டுரை.

"அக்கா, உங்க பேரும் போட்டிருக்கேன், பாருங்க. நாலாவது."

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"எதுக்கா? உங்க காது இல்லேன்னா இது ஏது? முதல் நாள்ல இருந்து கடைசி நாள் வரைக்கும் விடாம கிடைச்ச ஜோடி இது ஒண்ணுதான், மத்ததெல்லாம் நடுவுல எங்கேயோ அறுந்துடுச்சு. நாப்பத்தொண்ணும் அறுபத்தெட்டும். பதினோரு நாள் ரெண்டும் யாரோ எவரோன்னு துடிக்குது. பன்னிரண்டாம் நாள் பாருங்க, திடீர்னு சேர்ந்துடுச்சு. இதுதான் மாப்பிள்ளை கத்துக்கிட்ட நாள்."

படத்தில் ஒரு கோடு பதினோரு நாள் தரையோடு ஊர்ந்துவிட்டு, பன்னிரண்டாம் நாள் சுவர் ஏறிக் குதித்திருந்தது. அக்கா அந்தத் தேதியைப் பார்த்தாள். ஒரே நாள்ல யாரும் கத்துக்கறதில்ல, சொல்லிக்கொடுக்கறவனுக்கு அன்னைக்குத்தான் கண்ணுல படுது என்று அவள் புருஷன் சொல்வதுண்டு. இங்கே அதுகூட இல்லை. நாற்பத்தொன்றோடு சேர்ந்து துடித்த அந்தப் புதுச் செல், எப்போதும் அதோடு சேர்ந்தே துடிக்கிற பக்கத்து வீட்டுச் செல்லாக இருக்கும். அது எதையும் புதிதாகக் கற்கவில்லை. ஆள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆள் மாறியதைக் கற்றுக்கொண்டது என்று உலகத்துக்கே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்.

"இன்னொரு சமாச்சாரம் அக்கா. இதைப் படிச்சுட்டு எனக்கு வேலை தர்றேங்கிறாங்க. சொந்த ஆய்வுக்கூடம். வேற ஒரு ஆய்வுக்கூடத்துல இதே துள்ளல் வருதான்னு பாக்க ரெண்டு குரங்குக்குக் கம்பி போடப் போறாங்களாம், அடுத்த மாசம்."

"ரெண்டுக்கா?"

"ஆமா. ரெண்டும் சின்னது. மூணு வயசு."

காதும் காதும் வைத்தாற்போல் இதை அப்படியே விட்டிருக்கலாம். கேட்டுக் கண்டுபிடிக்கக்கூடிய காது அந்தக் கட்டடத்தில் அவளுடையது ஒன்றுதான். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. கம்பி போடுவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். மண்டையோட்டில் ஜன்னல் வெட்டும் சத்தம் அடுத்த அறைவரை கேட்கும். இரண்டு குட்டிகளின் மண்டை அவளுடைய ஒரு டிக்குக்காகத் திறக்கப்படப் போகிறது. இந்தப் பெண்ணோ, ஆஸ்பத்திரியில் அன்று முழுக்க அவள் கையை விடாமல் உட்கார்ந்திருந்தவள். சொன்னால் இவள் வாயில் மண். சொல்லாவிட்டால் அந்த இரண்டு வாயில்லா ஜீவன்கள்.

மூன்றாம் நாள் காலை ஆராய்ச்சிக்காரியைப் பதிவறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அறுபத்தெட்டாம் கம்பியின் பத்தாம் நாள் பதிவைப் போட்டாள், பிறகு பன்னிரண்டாம் நாள்.

"என்னக்கா? எனக்கு ஒண்ணாத்தான் கேக்குது."

"ஒண்ணு இல்லம்மா. வேற வேற."

"டிக் போட்டிருக்கீங்களே."

"போட்டேன். தெரிஞ்சே போட்டேன்."

ஆராய்ச்சிக்காரி முதலில் சிரித்தாள், பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கணினி அன்று சொன்ன எண்ணைத் தேடி எடுத்தாள். சந்தேகம் என்றுதான் இருந்தது. காது சொன்னதை நம்பி, தான்தான் அதைத் தள்ளிவைத்திருந்தாள்.

"ஏன்க்கா?"

"கோடு போட முடியலம்மா. எல்லாத்துலயும் கோடு போட்டுட்டு வந்திருந்தேன். இன்னொண்ணு போட முடியல."

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என்ன திட்டியிருப்பேனா? எட்டு மாசம் அக்கா! தினமும் என்கூடத்தானே டீ குடிச்சீங்க!"

ஆராய்ச்சிக்காரி எழுந்து வெளியே போனாள். ஒரு மணி நேரம் ஆளைக் காணோம். அக்கா அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தபோது ஆராய்ச்சிக்காரியின் கண்ணெல்லாம் சிவந்திருந்தது, குரல் கறாராக இருந்தது.

"அவங்களுக்கு இன்னைக்கே எழுதணும், கம்பி போடாதீங்கன்னு. கட்டுரை போட்ட பத்திரிகைக்கும் எழுதணும். அறுபத்தெட்டை எடுத்துட்டா மிச்சம் இருக்கறதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் சேருது, துள்ளலே கிடையாது. எனக்குத் தர்றேன்ன வேலை அவ்வளவுதான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எப்ப போச்சுன்னு சரியா எழுதணும். பதினோராம் நாள் ராத்திரியா, பன்னிரண்டாம் நாள் காலையிலயா, எப்ப?"

"பதினோராம் நாள் பதிவை நான் முழுசாக் கேட்டதில்ல."

"கேக்கணும் அக்கா."

"தெரியும்."

அந்தப் பதிவில் கம்பிகளின் சத்தத்தோடு அறையின் சத்தமும் ஓடும். மைக் எப்போதும் திறந்தேதான் இருக்கும், யார் எப்போது ஜூஸ் கொடுத்தார்கள் என்பதற்காக. அது இருவருக்கும் தெரியும். ஆராய்ச்சிக்காரி பதிவைப் போட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அறுபத்தெட்டு மென்மையாக, கடைசியில் இழுத்துக்கொண்டு துடித்தது. பழைய செல், சந்தேகமே இல்லை. மாப்பிள்ளை கைப்பிடியைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. நடுவில் போன் அடித்தது.

"அவர்தான்" என்றது பதிவில் இருந்த அக்காவின் குரல். "பத்தரைக்கே சாப்பாட்டு ஞாபகம் வந்துடுச்சு பாரு." சிரிப்பு. "சொல்லுங்க சார், அதுக்குள்ள பசிக்குதா?"

அவருடைய போனிலிருந்து பேசியது பல் டாக்டர். அவர் சொன்னது பதிவில் இல்லை. அறுபத்தெட்டு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. நாற்காலி விழுந்தது. அக்கா, அக்கா என்று கத்துகிற குரல், ஓடுகிற காலடி, கதவு. அதற்குப் பிறகு அறையில் யாருமில்லை. வட்டங்கள் தம் பாட்டுக்குத் திரையில் வந்திருக்க வேண்டும், மாப்பிள்ளை கைப்பிடியைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

ஆராய்ச்சிக்காரி நிறுத்தக் கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்தாள்.

"இரு. அது இன்னும் இருக்கு."

ஒன்பது நிமிடம் இருந்தது. பிறகு அவசரமாக ஒரு காலடி, வயரைப் பிடுங்குகிற சடக், அதோடு நூறு கம்பியும் அடங்கிப்போயின.

"நான்தான்க்கா பிடுங்கினேன்" என்றாள் ஆராய்ச்சிக்காரி மெல்ல.

"உன்மேல என்னம்மா தப்பு? எனக்காக ஓடினே."

அக்கா நோட்டைத் திறந்து, பதினோராம் நாள் டிக்குக்கு அடியில் சிவப்புக் கோடு இழுத்தாள். அவளுடைய பொய் டிக் கோட்டுக்குக் கீழே முதலாவதாக நின்றது. தேதி எழுதினாள். அந்தத் தேதியை அவள் வேறு எந்தத் தாளைப் பார்த்தும் எழுத வேண்டியிருக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடுகிற வரைக்கும் திடமாகத்தான் இருந்தாள்.

"அந்தப் போன் வந்தப்போ அவர் போயிருந்தார்ம்மா" என்றாள். "பத்து நிமிஷம் ஆயிருந்துதாம். நான் அவர்கிட்டதான் பேசறேன்னு நினைச்சு, எப்படிச் சிரிக்கறேன் பாரு."

அந்தக் கட்டடத்தில் முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் வாய்விட்டு அழுதாள். ஆராய்ச்சிக்காரி இன்னும் அவளை மன்னித்திருக்கவில்லை. ஆனாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.